பூனைக்குட்டியும் நம் கூச்சமும்

இது பாடத்திட்டம் பற்றிய பதிவன்று. சிலருக்கு அருவருப்பாகவும் தோன்றலாம், பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் பின்புறம் அடுக்கியிருந்த பழைய நாற்காலிகளுக்கிடையே, கண் திறந்தும் திறவாத பூனைக்குட்டி ஒன்றை மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி கண்டெடுத்தாள். "ஐயா, வீட்டுக்குக் கொண்டு போகலாமா?" என்றாள். "கொண்டு போம்மா, பால் கொடு" என்றேன். நான்காம் நாள் அது இறந்துவிட்டது. "பால் கொடுத்தேனே ஐயா, வயிறு நல்லா உப்பித்தான் இருந்தது" என்று அழுதாள். அந்த உப்பிய வயிறே ஆபத்தின் அறிகுறி என்பதை விலங்கு மருத்துவர் ஒருவரிடம் பேசிய பின்னரே அறிந்தேன்.

பிறந்து ஏறத்தாழ மூன்று வாரங்கள் வரை பூனைக்குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க இயலாது. தாய் நாவால் வருடித் தூண்ட வேண்டும். 'தாய்ப்பூனை குட்டியை நக்கிச் சுத்தம் செய்கிறது' என்று அறிவியல் பாடத்தில் எத்தனை ஆண்டுகள் சொல்லியிருப்பேன்! பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறேன். தாயற்ற குட்டிக்கு, ஒவ்வொரு முறை பாலூட்டும்போதும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அவ்விடத்தை மென்மையாக வருடிவிட வேண்டும். சிறுநீர் பெரும்பாலும் அப்போதே வந்துவிடும். மலம் நாளுக்கு ஓரிரு முறை வந்தாலும் போதும்.

பாலும் பசும்பாலாகவோ டின் பாலாகவோ இருத்தல் கூடாது; வயிற்றுப்போக்கு உண்டாகும். குட்டிகளுக்கென்றே பால்மாவு விற்கிறார்கள். உடல் குளிர்ந்திருக்கும் குட்டிக்கு முதலில் வெப்பம், பிறகுதான் பால்.

வயிற்றுப்போக்கை 'நாளை பார்க்கலாம்' என்று விடாதீர்கள். உள்ளங்கை அளவு உடல் ஒரே நாளில் வற்றிவிடும். சிறுநீர் அடர்மஞ்சளாவது, ஈறுகள் உலர்வது, குட்டி துவண்டு கிடப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். வாந்தியும் இரத்தம் கலந்த கழிச்சலும் சேர்ந்தால் கொடிய தொற்றுநோயாக இருக்கலாம். முக்கி முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

குடற்புழுவும் குட்டிகளிடம் மிகுதி. அதன் முட்டைகள் மலத்தின் வழி மண்ணில் கலந்து மனிதரையும் தொற்றக்கூடும். ஆகவே குழந்தைகள் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதைப் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகக் குட்டியைப் பையில் கட்டிச் சந்தையில் விட்டுவரச் சொல்லும் பெற்றோரை என்னால் ஏற்க முடியவில்லை.

இவ்வாண்டு இதை வகுப்பில் விளக்கினேன். மறுநாள் தந்தை ஒருவர் அழைத்து, "இதெல்லாம் சின்னப் பிள்ளைங்ககிட்ட பேசணுமா சார்?" என்றார். பேசத்தான் வேண்டும் என்பது என் கருத்து. மலம், சிறுநீர் என்ற சொற்களுக்கே நாம் முகம் சுளித்தால், தன் வயிற்றுவலியைக்கூட நம்மிடம் சொல்லக் குழந்தை தயங்கும். அவரிடமும் அதையே கூறினேன். அவர் உடன்படவில்லை.

இன்னொன்று. குட்டியைக் கண்டவுடன் தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடிச் சென்றிருக்கலாம். குட்டி குளிர்ந்தோ காயமுற்றோ இல்லையெனில், சில மணி நேரம் எட்ட நின்று பாருங்கள். அன்று அம்மாணவியிடம் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.