மீதியும் கணக்குதான்

"இனிமே நான் எதுக்குய்யா இருக்கேன்?"

இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கும் அத்தை, போன மாதம் என்னிடம் இப்படிக் கேட்டார். 35 வருஷம் டீச்சர் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகும் சனிக்கிழமை தவறாமல் ஆலயத்தைப் பெருக்கி, பாய் விரித்து, பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றியவர். இனி அது எதுவும் முடியாது. ஜன்னல் வழியாக மேற்கே மலையைப் பார்த்தபடியே கிடந்தார். எனக்குப் பதில் வரவில்லை. தலையணையைச் சரிசெய்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் கடையநல்லூரில் இந்தக் கேள்வி இருக்கும் வீடுகள் பல. பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். பெரியவர்கள் வீட்டைக் காக்கிறார்கள். பிழைக்க வழி தெரிந்தவர்களுக்கும் எதற்காகப் பிழைக்கிறோம் என்பது லேசில் பிடிபடுவதில்லை.

அன்று இரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது, டோனாவூர் ஏமி கார்மைக்கேல் நினைவுக்கு வந்தார். அயர்லாந்தில் 1867இல் பிறந்தவர். சுவிசேஷம் சொல்ல 1895இல் இந்தியாவுக்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையின் செம்மண் பாதைகளில் மாட்டுவண்டிப் பயணம். கூடவே நம் ஊர்ப் பெண்கள் சிலர். ஆண்டவர் தன்னை அழைத்தது இதற்குத்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

1901 மார்ச்சில் பண்ணைவிளையில் ஒரு சிறுமி வந்து நின்றாள். பெயர் பிரீனா, வயது 7. கோயிலுக்கு நேர்ந்துவிட வைத்திருந்த இடத்திலிருந்து தப்பி வந்தவள். ஏமியின் மடியில் ஏறி உட்கார்ந்து, அங்கே நடந்ததையெல்லாம் ஒரு பொம்மையை வைத்துச் செய்து காட்டினாள். சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947இல்தான்.

அவளுக்குப் பின்னால் இன்னும் பிள்ளைகள் வந்தார்கள். டோனாவூரில் ஏமியின் வீடு நிறைந்தது. பால் காய்ச்சுவது, துணி அலசுவது, காய்ச்சல் கண்ட பிள்ளைக்குக் கண்விழிப்பது என்று பொழுது போயிற்று. வண்டிப் பயணங்கள் குறைந்தன. சுவிசேஷம் சொல்ல வந்தவள் ஆயா வேலையில் காலத்தைக் கழிப்பது சரிதானா என்று அவரே தவித்திருக்கிறார். அவரைத் தேற்றியது, இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவும் அந்தக் காட்சி. ஆண்டவரே குனிந்து செய்த வேலை இருக்கும்போது, தனக்கு எது சின்ன வேலை?

1931இல் அடுத்த அடி. மருத்துவப் பணிக்கென்று களக்காட்டில் எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனவர், அங்கே தோண்டியிருந்த குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 20 வருஷம் அறையும் கட்டிலும்தான். பிள்ளைகள் அந்தக் கட்டிலுக்கு வந்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் அங்கிருந்தே பிறந்தன. 1951 ஜனவரி 18இல் கண்மூடினார். கல்லறைக் கல் வேண்டாம் என்றிருந்தார். பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு தொட்டியை வைத்து, தாய் என்று பொருள்படும் ஒரே சொல்லை அதில் பொறித்தார்கள்.

இரண்டு முறை அவர் போட்ட திட்டம் உடைந்தது. இரண்டு முறையும் அவர் நிலைகுலைந்து போகாததற்குக் காரணம், தான் யாருக்கு வேலைக்காரி என்பது அவருக்குத் தெரிந்திருந்ததுதான். எஜமானைத் தெரிந்துகொண்டால் போதும். அன்றன்றைய வேலையை அவர் கொடுப்பார் என்று நான் நம்புகிறேன்.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். "அவுக மகாராசி. நான் யாரு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு ரம்ஜான் நோன்பு நாளில் பக்கத்து வீட்டுச் சிறுமி தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தாள். அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். வாளியை வைத்துவிட்டு, அக்குளில் இடுக்கியிருந்த நோட்டை எடுத்து நீட்டினாள். வகுத்தல் கணக்கு. அத்தை கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். ஆள்காட்டி விரல் வரிவரியாக இறங்கிக் கடைசி வரியில் நின்றது.

"மீதிய எழுதாம விட்டுட்டியே பிள்ளே. மீதியும் கணக்குதான்."

இப்போது சாயங்காலமானால் கட்டிலைச் சுற்றி மூன்று பிள்ளைகள். இரவு ஜெபத்தில் மூன்று பேரையும் அத்தை பெயர் சொல்லி வேண்டுகிறார். நேற்று ஐந்து மணிக்குப் போனேன். "பிள்ளைக வார நேரம், அப்புறமா வாய்யா" என்று அனுப்பிவிட்டார்.