ரோகித் சர்மா: ஐந்து நாற்பதுகளும் 42 வெற்றிகளும்

கடந்த தீபாவளி வாரத்துச் சனிக்கிழமை, உறவினர் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து முறுக்குத் தட்டு சுற்றிவரும் நேரம். வரவேற்பறைத் தொலைக்காட்சியில் சிட்னி ஒருநாள் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியா எடுத்திருந்த 236 ஓட்டங்களை இந்தியா ஒரே ஒரு விக்கெட்டை இழந்து கடந்தபோது, ரோகித் சர்மா 125 பந்துகளில் 121 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். எதிர்முனையில் விராட் கோலி 74.

"இந்த மனுசனையா தலைவர் பதவியிலிருந்து தூக்கினாங்க?" என்றார் வீட்டுக்காரர். அவருடைய அக்காள் மகன், இருபது வயதைத் தாண்டியிருக்க மாட்டான், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே, "38 வயசாச்சு மாமா. அடுத்த உலகக் கிண்ணம் வர்றப்ப 40" என்றான்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். ஆனால், ஒரு தலைவரை வயதை வைத்தும் கடைசியாக அடித்த சதத்தை வைத்தும் மட்டுமே நாம் எடைபோடுவது சரிதானா என்று அன்று வீடு திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். ரோகித் தலைவராக இருந்த காலத்தில் செய்த முக்கியமான காரியம் இந்த இரண்டு கணக்குகளிலும் வராது.

அக்டோபர் 4ஆம் தேதி, ஆஸ்திரேலியப் பயணத்துக்கான அணி அறிவிக்கப்பட்டபோது, ஒருநாள் அணியின் தலைமை 26 வயது ஷுப்மன் கில்லுக்குப் போனது. மூன்று வகை ஆட்டங்களுக்கும் மூன்று தலைவர்களை வைத்துக்கொள்வது கடினம், அடுத்த உலகக் கிண்ணம் 2027இல்தான், அதுவரை ஒருநாள் ஆட்டங்களும் அதிகமில்லை என்று தேர்வுக் குழுத் தலைவர் அஜித் அகர்கர் விளக்கினார். பதவியிழந்தவரின் கணக்கு: 56 ஒருநாள் ஆட்டங்கள், 42 வெற்றிகள், 12 தோல்விகள். ஏழு மாதங்களுக்கு முன்னர்தான், மார்ச் 9ஆம் தேதி துபாயில் நியூசிலாந்தை வென்று வெற்றியாளர் கிண்ணத்தைக் கொண்டுவந்திருந்தார். அந்த இறுதியாட்டத்தில் 76 ஓட்டங்கள் எடுத்து ஆட்டநாயகனும் அவரே.

இனி அந்தக் கணக்குகளில் வராத காரியத்துக்கு வருவோம்.

2019 உலகக் கிண்ணத்தில் ரோகித் ஐந்து சதங்கள் அடித்தார். ஒரே உலகக் கிண்ணத்தில் ஐந்து சதங்கள் என்பது அதுவரை யாரும் செய்யாதது. மொத்தம் 648 ஓட்டங்கள். அன்றைய ரோகித்தின் பாணி எல்லாருக்கும் நினைவிருக்கும். முதல் பத்து ஓவர்கள் பொறுமை, நடுவில் நிதானம், ஐம்பதைத் தாண்டிய பிறகு அடி. 2013இல் பெங்களூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 209, 2014இல் கொல்கத்தாவில் இலங்கைக்கு எதிராக 264, 2017இல் மொகாலியில் மீண்டும் இலங்கைக்கு எதிராக 208 என்று மூன்று இரட்டைச் சதங்களும் அந்தப் பாணியின் பிள்ளைகள். ஆனால், 2019 அரையிறுதியில் நியூசிலாந்துக்கு எதிராக அவர் 1 ஓட்டத்தில் போனார், ராகுல் 1, கோலி 1. அணி 18 ஓட்டங்களில் தோற்றது. ஐந்து சதங்களும் கிண்ணத்தைக் கொண்டுவரவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து 2023இல், இப்போது தலைவராக, இந்திய மண்ணில் அடுத்த உலகக் கிண்ணம். அந்தத் தொடரின் பதினோரு ஆட்டங்களில் ரோகித் எடுத்த ஓட்டங்களை வரிசையாகப் பாருங்கள்: 0, 131, 86, 48, 46, 87, 4, 40, 61, 47, 47. மொத்தம் 597. சதம் ஒன்றே ஒன்று. ஐந்து முறை நாற்பதுகளில் ஆட்டமிழந்திருக்கிறார்! 2019இல் ஐந்து சதங்கள், 2023இல் ஐந்து நாற்பதுகள். தனிப்பட்ட கணக்குப் புத்தகத்தில் இது சரிவுதான். ஆனால் வேகத்தைப் பாருங்கள். 2019இல் 100 பந்துகளுக்கு 98 ஓட்டங்கள் எடுத்தவர், 2023இல் 100 பந்துகளுக்கு 126 எடுத்தார். புதுப்பந்தை அடித்து நொறுக்கி, எதிரணித் தலைவரின் திட்டத்தைக் கலைத்துவிட்டு, ஐம்பதை எட்டுமுன் போய்விடுவார். பிறகு கோலியும் ஷ்ரேயாஸும் ராகுலும் அவசரமில்லாமல் ஆடினார்கள். கோலி அந்தத் தொடரில் 765 ஓட்டங்கள் குவித்தார். அதில் ஒரு பங்கு ரோகித்தின் நாற்பதுகளுக்குச் சேர வேண்டியது என்பது என் கருத்து.

இந்த மாற்றம் தானாக வந்ததல்ல. 2022 நவம்பரில் அடிலெய்டில் நடந்த டி20 உலகக் கிண்ண அரையிறுதியில் இந்தியா முதல் ஆறு ஓவர்களில் எடுத்தது 38 ஓட்டங்கள். ரோகித் 28 பந்துகளில் 27. இங்கிலாந்து 16 ஓவர்களில் ஒரு விக்கெட்டைக்கூட இழக்காமல் ஆட்டத்தை முடித்தது. பயந்து ஆடும் அணி என்ற பெயர் இந்தியாவுக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு தலைவர் இந்த நிலைமையில் இரண்டு வழிகளில் போகலாம். இளையவர்களைக் கூப்பிட்டு, "நீங்கள் துணிந்து ஆடுங்கள், நான் ஒரு முனையைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். பெரும்பாலான மூத்தவர்கள் அதைத்தான் செய்வார்கள். நம் அலுவலகங்களில் பார்க்காததா! ரோகித் முதலில் தன் விக்கெட்டைப் பணயம் வைத்தார். தொடக்க ஆட்டக்காரராக இருந்ததால் அவருக்கு அது முடிந்தது. முதல் பந்திலிருந்தே தலைவர் அப்படி ஆடும்போது, ஐந்தாவதாக வருபவர் தன் சராசரியை எண்ணிக்கொண்டு நிற்க முடியாது.

2023 நவம்பர் 19, அகமதாபாத். தொடர்ந்து பத்து வெற்றிகளுக்குப் பிறகு இறுதியாட்டம். 31 பந்துகளில் 47 எடுத்திருந்தவர், மேக்ஸ்வெல்லின் பந்தை இன்னொரு முறை தூக்கி அடிக்கப் போய், பின்னோக்கி ஓடிய டிராவிஸ் ஹெட்டிடம் பிடி கொடுத்தார். இந்தியா தோற்றது. "அந்த நேரத்தில் அது தேவையா?" என்று அன்று கேட்காதவர் இல்லை. நானும் கேட்டேன். ஆனால் அதே அடியால்தானே முந்தைய பத்து ஆட்டங்களும் வந்தன?

ஏழு மாதங்கள் கழித்து அவர் பாணியை மாற்றிக்கொள்ளவில்லை. 2024 டி20 உலகக் கிண்ணத்தில், செயிண்ட் லூசியாவில் அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 41 பந்துகளில் 92. ஸ்டார்க்கின் ஒரே ஓவரில் 29 ஓட்டங்கள் போயின. ஜூன் 29ஆம் தேதி பிரிட்ஜ்டவுன் இறுதியாட்டத்தை நம் பக்கம் பின்னிரவு இரண்டு மணி வரை விழித்திருந்து பார்த்தவர்கள் நிறையப் பேர். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்துகளில் 30 ஓட்டங்களே தேவை, கையில் ஆறு விக்கெட்டுகள். அந்த நிலையில் பும்ராவைக் கடைசிவரை சேமித்து வைக்காமல் 16ஆவது, 18ஆவது ஓவர்களிலேயே ரோகித் முடித்துவிட்டார். கடைசி ஓவரை ஹார்திக் பாண்டியாவிடம் கொடுத்தார். இந்தியா 7 ஓட்டங்களில் வென்றது.

அந்தக் கடைசி ஓவரில் ஓர் உள்கதை உண்டு. மும்பை இந்தியன்ஸ் அணிக்கு 2013, 2015, 2017, 2019, 2020 என ஐந்து ஐபிஎல் கிண்ணங்களை வென்று தந்தவர் ரோகித். அவற்றில் மூன்று இறுதியாட்டங்களில் தோற்றது சென்னை என்பதால் நம்மில் பலருக்கு அவர்மீது பழைய மனத்தாங்கல்கூட உண்டு. 2023 டிசம்பரில் அந்த அணியின் தலைமை அவரிடமிருந்து ஹார்திக்குக்குப் போனது. ரசிகர்கள் அரங்கம் அரங்கமாக ஹார்திக்கைக் கேலி செய்து கூச்சலிட்டார்கள். சில வாரங்கள் கழித்து, ஒரு நாட்டின் பதினேழு ஆண்டு ஏக்கம் தொங்கிய ஓவரை ரோகித் கொடுத்தது அந்த ஹார்திக்கிடம். ஆக, இளையவர் ஒருவருக்குக் கீழ் ஆடுவது ரோகித்துக்கு 2025இல் புதிதல்ல.

சக ஆட்டக்காரர்களை அவர் நடத்திய விதம் பற்றி அஸ்வின் தம் யூடியூப் பக்கத்தில் சொன்னதைத் தமிழ் ரசிகர்கள் கேட்டிருப்பார்கள். 2024 பிப்ரவரியில் ராஜ்கோட் டெஸ்டின் நடுவே அஸ்வினின் தாயார் உடல்நலம் குன்றிய செய்தி வந்தது. அணியை விட்டுப் போவதா என்று அவர் தயங்க, யோசிக்காமல் கிளம்பு என்று சொல்லி, துணைக்கு அணியின் உடலியக்க நிபுணரையும் சென்னைக்கு அனுப்பிவைத்தார் தலைவர். தொடர் சமநிலையில் இருந்தது. அணியில் ஒரு பந்துவீச்சாளர் குறைந்தார். ஆட்டத்தில் இந்தியா வென்றது, அஸ்வினும் திரும்பி வந்து பந்து வீசினார் என்பது தனிச் செய்தி.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தை மறைக்கக்கூடாது. டெஸ்ட் ஆட்டத்தில் இந்த நாணயம் செல்லவில்லை. ஒருநாள் ஆட்டத்தில் 30 பந்துகளில் 45 எடுத்துவிட்டுப் போனால் அது அணிக்குச் சேவை. டெஸ்டில் தொடக்க ஆட்டக்காரர் 18 எடுத்துவிட்டுப் போனால், புதுப்பந்து அப்படியே அடுத்தவர் தலையில் விழும். அவருக்கு டெஸ்ட் தெரியாது என்று சொல்ல முடியாது. 2019இல் விசாகப்பட்டினத்தில் முதன்முறையாகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 176, 127 என இரு சதங்கள். 2021இல் சுழலும் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 161. அதே ஆண்டு ஓவலில் பொறுமையாக 127. ஆனால் 2024 அக்டோபரில், பெங்களூரில் ஆடுகளத்தைத் தவறாகக் கணித்து முதலில் பந்தடிக்கத் தீர்மானித்தார். இந்தியா 46 ஓட்டங்களில் சுருண்டது. நியூசிலாந்திடம் சொந்த மண்ணில் 0-3. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தோற்காத கோட்டை விழுந்தது. அந்தத் தொடரில் ரோகித்தின் மொத்த ஓட்டங்கள் 91. தலைவராகவும் ஆட்டக்காரராகவும் தாம் சரியாகச் செயல்படவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அடுத்து ஆஸ்திரேலியாவில் ஐந்து இன்னிங்ஸ்களில் 31 ஓட்டங்கள். சிட்னியில் கடைசி டெஸ்டுக்குத் தம்மைத் தாமே அணியிலிருந்து விலக்கிக்கொண்டார். தொடரின் நடுவில் தலைவர் ஒருவர் இப்படிச் செய்வது அபூர்வம். நான்கு மாதங்கள் கழித்து, மே 7ஆம் தேதி இன்ஸ்டகிராமில் ஒரு சிறு பதிவுடன் டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது: 67 ஆட்டங்கள், 4,301 ஓட்டங்கள், 12 சதங்கள். தலைவராக 24 டெஸ்டுகளில் 12 வெற்றி, 9 தோல்வி. டெஸ்ட் தலைமை போனதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஒருநாள் தலைமை வேறு. அங்கே அவர் தோற்கவில்லை. அகர்கர் சொன்ன காரணங்களில் நியாயம் இருக்கிறது. 2027 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவிலும் ஜிம்பாப்வேயிலும் நமீபியாவிலும் உலகக் கிண்ணம் நடக்கும்போது ரோகித்துக்கு நாற்பது முடிந்திருக்கும். புதிய தலைவருக்கு அவகாசம் தேவை. இதை நான் மறுக்கவில்லை. எனக்கு உறுத்துவது, தலைமையை எடுத்துவிட்டு ஆட்டக்காரராக மட்டும் வைத்துக்கொள்ளும்போது எதை வைத்து அவரை அளக்கப் போகிறார்கள் என்பதுதான். தலைவராக இருந்தவரை 47இல் ஆட்டமிழந்தால் "அணிக்காக ஆடினார்" என்றோம். வெறும் ஆட்டக்காரர் 47இல் ஆட்டமிழந்தால் "வயதாகிவிட்டது" என்போம்.

இதை அவரும் உணர்ந்திருப்பார் போலிருக்கிறது. மார்ச் மாதம் இந்தியாவில் ஓர் அரசியல் கட்சியின் பேச்சாளர் அவரைப் பருமனானவர் என்று எழுதி, எதிர்ப்பு வந்ததும் பதிவை நீக்கினார். அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் இறங்கியவர் உடல் இளைத்திருந்தார். ஆட்டமும் மாறியிருந்தது. முதல் ஆட்டத்தில் 8. அடிலெய்டில் 97 பந்துகளில் 73. சிட்னியில் அந்த 121. இவை 2023இன் ரோகித் அல்ல. பழைய, பொறுமையான, நின்று ஆடும் ரோகித். தொடரை இந்தியா 1-2 என இழந்தாலும் தொடர்நாயகன் அவர்தான். அடுத்த சில நாள்களில் ஐசிசி ஒருநாள் பந்தடிப்புத் தரவரிசையில் வாழ்க்கையில் முதன்முறையாக முதலிடம். தலைவராக அணிக்குத் தாரை வார்த்த ஓட்டங்களைப் பதவி போன பிறகு வசூலிக்கிறாரோ என்றுகூடத் தோன்றியது.

நவம்பர் இறுதியில் தென்னாப்பிரிக்கா வந்தபோது கில்லுக்குக் கழுத்தில் காயம். ஒருநாள் அணிக்குத் தற்காலிகத் தலைவர் தேவைப்பட்டார். அணியில் 42 வெற்றிகளைக் கண்டவர் ஒருவர் இருந்தார். பொறுப்பு கே.எல்.ராகுலுக்குப் போனது. எவரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. அந்தத் தொடரில் ராஞ்சியில் 57 எடுத்து, ஒருநாள் ஆட்டங்களில் அதிக சிக்ஸர்கள் என்ற ஷாஹித் அஃப்ரிடியின் சாதனையை ரோகித் கடந்தார். விசாகப்பட்டினத்தில் 75, அனைத்துலக ஆட்டங்களில் 20,000 ஓட்டங்களைத் தாண்டிய நான்காவது இந்தியரானார். அது அவருடைய தாயாரின் சொந்த ஊர்.

டிசம்பர் 24ஆம் தேதி ஜெய்ப்பூரில், விஜய் ஹசாரே உள்நாட்டுத் தொடரில் மும்பைக்காகச் சிக்கிமுக்கு எதிராக இறங்கி 94 பந்துகளில் 155 அடித்தார். இரண்டு நாள்கள் கழித்து உத்தராகண்டுக்கு எதிராக முதல் பந்திலேயே ஆட்டமிழந்தார். அன்று இரவு அந்த அக்காள் மகனிடமிருந்து வீட்டுக்காரருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்ததாம். "பாத்தீங்களா மாமா?" அவர் இன்னும் பதில் அனுப்பவில்லை.