கஸ்தூரி மணக்கட்டும், மானும் பிழைக்கட்டும்

தீபாவளி கழிந்து இரண்டு வாரம் போனால் தில்லியில் நம்மவர் வீடுகளில் டிரங்குப் பெட்டிகள் திறக்கப்படும். ஸ்வெட்டரும் சால்வையும் வெளியே வரும். கூடவே அந்துருண்டை நெடியும் வரும். மார்கழி பஜனைக்கோ அண்டை வீட்டுக் கல்யாண வரவேற்புக்கோ அந்த நெடியோடு போக யாருக்கு மனம் வரும்? ஊரில் என்றால் ஒரு முழம் மல்லிகை போதும். இங்கே குளிர்காலத்தில் மல்லிகைக்கு எங்கே போவது? அப்போதுதான் அத்தர் நினைவுக்கு வருகிறது.

குளிருக்கு ஏற்றது கஸ்தூரி வகை மணமே. எலுமிச்சை போன்ற இலேசான வாசனைகள் சீக்கிரம் பறந்துவிடும். கஸ்தூரி மணம் கனமானது. உடம்புச் சூட்டில் மெல்ல மெல்லக் கிளம்பி, கம்பளியில் தங்கி, நெடுநேரம் நிற்கும். சென்னையின் மே மாதத்தில் தலைவலி தரக்கூடிய அதே மணம், தில்லியின் ஜனவரியில் போர்வை போல இதமாக இருக்கும்.

இதுவரை சரி. ஆனால் 'அசல் கஸ்தூரி' என்ற ஆசைதான் தவறு. "இமயமலைப் பக்கம்தானே இருக்கிறீர்கள், கொஞ்சம் அசலாக வாங்கி அனுப்பக்கூடாதா?" என்று ஊரிலிருந்து உறவினர் கேட்பதுண்டு. ரகசியமாகப் பொட்டலம் காட்டுகிறவர்களும் இங்கே உண்டு. அந்தப் பொட்டலத்தில் இருப்பது ஒன்று போலி, அல்லது குற்றம். மூன்றாவது வகை கிடையாது.

கஸ்தூரி மானில் ஆணுக்கு மட்டுமே அந்தப் பை உண்டு. அதில் கிடைப்பது சுமார் 25 கிராம். மலையில் வைக்கும் கண்ணிக்கோ ஆண், பெண், குட்டி என்ற பேதம் தெரியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த மானை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. சிக்கினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. உத்தராகண்ட் மாநிலம் தன் மாநில விலங்காகப் போற்றுவதும் இதே மானைத்தான்.

மான் இல்லாமல் மணம் வருமா? வரும். 1888-இல் ஆல்பர்ட் பவுர் என்ற ஜெர்மானியர் வெடிமருந்து ஆராய்ச்சியின் நடுவே செயற்கைக் கஸ்தூரி மணத்தைத் தற்செயலாகக் கண்டார். இன்று கடைகளில் 'ஒயிட் மஸ்க்' என்று விற்பதும் செயற்கை மணம்தான். செடியிலிருந்தே வேண்டும் என்பவர்களுக்குக் கஸ்தூரி வெண்டை விதை எண்ணெய் இருக்கிறது. அதைவிட, கன்னோஜில் செப்புப் பாத்திரத்தில் வடிக்கும் 'ஷமாமா' அத்தரைக் கேட்டுப் பாருங்கள். கல்பாசி, சடாமாஞ்சில், கோரைக்கிழங்கு என்று நம் அடுக்களையும் நாட்டுமருந்துக் கடையும் அறிந்த சரக்குகளே அதில் சேர்கின்றன. குளிருக்கென்றே வழிவழியாக வந்த அத்தர் அது.

ஒரு சொட்டு போதும். மணிக்கட்டிலோ, பஞ்சில் தோய்த்துக் காதுமடலிலோ வைக்கலாம். பட்டில் பட்டால் எண்ணெய்க் கறை போகாது. இழுப்பு உள்ளவர் அருகில் இருந்தால் அதுவும் வேண்டாம். தில்லியின் குளிர்காலப் புகை ஒன்றே அவர்களுக்கு அதிகம்.

கஸ்தூரி மஞ்சளில் கஸ்தூரி இல்லை. அதற்காக அதை யாரும் போலி என்று தள்ளியதில்லை. அத்தர் விஷயத்திலும் அந்தப் பெருந்தன்மை நமக்கு வரட்டும். ஊரிலிருந்து அடுத்த முறை கேட்டால், "அசல் கஸ்தூரி மானிடமே இருக்கட்டும்" என்று நாம் பதில் சொல்லிவிடலாம்.