அட்டை தொங்குகிறதா? தண்ணீரைத் தேடுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை. சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்கு ஒரு குடும்பம் புறப்படுகிறது. வண்டி பழைய அம்பாசடர். என்ஜின் நன்றாக ஓடுகிறது. டயர்களும் நல்ல டயர்கள்தான்.

ஒரே ஒரு குறை. பின்கதவின் உள்பக்க அட்டை கழன்று தொங்குகிறது!

"இரண்டு திருகு அடித்து விடு" என்கிறார் மாமா.

"மேலே புது ரெக்சின் ஒட்டிவிடு" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

"காரையே தள்ளிவிடு" என்கிறார் இன்னொருவர்.

மூன்று யோசனையும் தவறு என்பது நமது கருத்து. ஏன் என்று சொல்கிறோம்.

அட்டை தானாகத் தொங்குவதில்லை. பெரும்பாலும் கதவுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். அந்தத் தண்ணீரைக் கவனிக்காமல் அட்டையை மட்டும் கவனிப்பது, கூரை ஒழுகும்போது சுவருக்கு வெள்ளை அடிப்பதைப் போன்றது.

அட்டை எதனால் ஆனது?

பழைய கார்களில் கதவின் உள்பக்கத்தை மூடியிருப்பது பெரும்பாலும் ஹார்டுபோர்டு என்னும் அட்டை. அதன்மேல் ரெக்சின் ஒட்டியிருப்பார்கள். ஓரத்தைச் சுற்றிக் கிளிப்புகள் இருக்கும். அந்தக் கிளிப்புகள்தான் அட்டையைக் கதவுத் தகரத்தோடு பிடித்துக்கொள்கின்றன.

ஹார்டுபோர்டு மரத்தூளும் அல்ல, பலகையும் அல்ல. மரச் சில்லுகளை நீராவியால் நாராக்கி, சூடான அழுத்தத்தில் தகடாக்குகிறார்கள். 1920களில் அமெரிக்காவில் வில்லியம் மேசன் என்பவர் இந்த முறையைக் கண்டுபிடித்தார். விலை குறைவு, எடை குறைவு. ஆகவே கார் கம்பெனிகள் விரும்பி வாங்கின.

ஆனால் நார் நார்தானே! தண்ணீர் பட்டால் உறிஞ்சும். உறிஞ்சினால் உப்பும். உப்பிய அட்டையில் கிளிப்புத் துளை பெரிதாகிவிடும். கிளிப்பு வழுக்கி வெளியே வரும். அட்டை வளைந்து தொங்கும்.

தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது?

கதவுக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை இருக்கிறது. வயதாக ஆக அது காய்ந்து வெடிக்கிறது. மழைநீர் கண்ணாடி வழியாக வழிந்து கதவின் வயிற்றுக்குள் இறங்குகிறது.

நல்ல ரப்பர் இருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். காரைச் செய்தவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் கதவின் அடியில் தண்ணீர் வடிய சிறு துளைகள் வைத்தார்கள். அட்டை நனையாமலிருக்க, அதற்குப் பின்னால் தார்க் காகிதமோ பிளாஸ்டிக் தாளோ ஒட்டினார்கள்.

நாளடைவில் என்ன ஆகிறது? மண்ணும் தூசியும் சேர்ந்து துளை அடைபடுகிறது. எப்போதோ கண்ணாடியை ரிப்பேர் செய்தவர் தாளைக் கிழித்தெறிந்து விடுகிறார். மறுபடி ஒட்டுவதில்லை. கதவு தொட்டியாகிறது. அட்டை நனைகிறது. கதவின் அடித்தகரம் துருப்பிடிக்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இன்னொரு தொல்லையும் உண்டு. கோடையில் வெயில் கொளுத்துகிறது. மூடிய காரின் உள்ளே சூடு இன்னும் அதிகம். பசை இளகி ரெக்சின் பிரிகிறது. பிறகு மழை வருகிறது. பசை விட்டுக் கொடுத்த இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது!

எப்படிச் சரி செய்வது?

வெயில் அடிக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றுங்கள். முதலில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடியையும் கதவு திறக்கும் கைப்பிடியையும் கழற்ற வேண்டும். சில கார்களில் திருகு இருக்கும். சிலவற்றில் வளையத்துக்குப் பின்னால் சிறு ஊசி ஒளிந்திருக்கும். கழற்றியதை வரிசையாகத் துணிமேல் வையுங்கள்.

அட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். தட்டையான திருப்புளியில் துணி சுற்றி, ஒவ்வொரு கிளிப்பின் பக்கத்திலும் மெதுவாக நெம்புங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. கதவின் அடித்துளைகளைக் குச்சியால் சுத்தம் செய்யுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கமாக ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே இறங்கிய நீர் கீழே வடிந்து வெளியே வர வேண்டும். வராவிட்டால் அடைப்பு இன்னும் இருக்கிறது.

காய்ந்த பிறகு துருவைத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடியுங்கள். துளையை மட்டும் பெயிண்டால் மூடிவிடாதீர்கள்! பிறகு பிளாஸ்டிக் தாளை ஒட்டுங்கள். தாளின் கீழ் விளிம்பு கதவுக்குள் இறங்கி இருக்கட்டும். அப்போதுதான் நீர் அறைக்குள் வராது.

அட்டை கொஞ்சம்தான் வளைந்திருக்கிறதா? சமமான தரையில் வைத்து, மேலே பாரம் ஏற்றிக் காயவிடுங்கள். பெரிதான துளைக்குப் பின்னால் மெல்லிய துண்டு ஒட்டிப் புதுத் துளை போடலாம். அட்டை உதிர்ந்து போயிருந்தால், பழையதையே அளவாக வைத்துப் புது அட்டை வெட்டுங்கள். நீர் தாங்கும் மெல்லிய பிளைவுட் இன்னும் நல்லது.

ரெக்சின் ஒட்டுமுன் இரண்டு பக்கமும் வார்னிஷ் அடிக்க வேண்டும். வெட்டிய விளிம்புகளை மறக்கவே கூடாது. தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். வார்னிஷ் நன்றாகக் காயட்டும்.

ஒட்டுவதற்கு மாவுப் பசை உதவாது. மரவள்ளிக் கிழங்கு மாவுக்கு நம் ஊர் பேர் பெற்றது. ஆனால் அந்தப் பசை ஈரத்தில் கரையும். ரப்பர் பசையை இரண்டு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். பசை தீப்பற்றக் கூடியது. திறந்த வெளியில் செய்யுங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.

திருகு ஏன் கூடாது?

மாமாவின் யோசனைக்கு வருவோம். கண்ணை மூடிக்கொண்டு நீளத் திருகு அடித்தால், உள்ளே இறங்கும் கண்ணாடியில் அது இடிக்கலாம். கண்ணாடி ஏற்றும் இயந்திரத்தில் சிக்கலாம். தகரத்தில் புதுத் துளை போட்டால் அங்கிருந்தும் துரு ஆரம்பிக்கும்.

அட்டைக்கு ஆகும் செலவு சொற்பம். அடித்தகரம் இற்றுப்போய் டிங்கரிடம் போனால் செலவு பல மடங்கு!

ஓர் எச்சரிக்கை. மின்சாரத்தால் கண்ணாடி ஏறும் கார்களில் முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். கதவில் காற்றுப்பை உள்ள புதிய கார்களை வீட்டில் பிரிக்கவே கூடாது.

கைகளைக் காப்போம்

அம்பாசடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றது. மாருதி 800-உம் அதே ஆண்டில் நின்றது. பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே போய்விட்டது. இனி அந்தக் கார்களுக்குப் புதுக் கதவு அட்டை தொழிற்சாலையிலிருந்து கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. செய்து தர வேண்டியவர்கள் நம் ஊர்க் குஷன் கடைக்காரர்கள்தான்.

அதற்குத் தகுந்த ஊர்கள் இவை. நாமக்கல்லும் திருச்செங்கோடும் லாரிக்குப் பாடி கட்டிப் பேர் வாங்கிய ஊர்கள். வெறும் சேஸிஸாக வந்த வண்டிகள் இங்கே மரமும் தகரமும் ஏறி முழு லாரியாகப் போயின. அந்தக் கைகளுக்குக் கார் கதவு பெரிய காரியமா?

குறை எங்கே இருக்கிறது? நம்மிடத்தில் இருக்கிறது! "சீக்கிரம் முடி, குறைவாக வாங்கு" என்று அவசரப்படுத்துகிறோம். அவரும் மேலே ரெக்சின் ஒட்டி அனுப்பிவிடுகிறார். அடுத்த மழையில் அட்டை மறுபடி தொங்குகிறது. பழி மட்டும் அவர் தலையில்.

பட்டறைக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். துளையைச் சுத்தம் செய்தீர்களா? தாள் ஒட்டினீர்களா? விளிம்புக்கு வார்னிஷ் அடித்தீர்களா? மூன்றுக்கும் "ஆம்" என்று சொல்பவருக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள். அவரிடம் ஒரு பையன் தொழில் கற்றுக்கொண்டால், நாளைக்கும் அந்தத் தொழில் இருக்கும். தொழிற்பயிற்சி நிலையங்களும் இந்த வேலையைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கலாம்.

பழைய கார் பல வீடுகளில் அப்பா சம்பாதித்து வாங்கிய முதல் கார். தாத்தாவை ஆஸ்பத்திரிக்கும், பெண்ணைக் கல்யாண மண்டபத்துக்கும் கொண்டுபோன கார். அதன் கதவைத் திறந்து, அடியில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள்.

ஈரம் இருக்கிறதா? இன்றைக்கே வேலையை ஆரம்பியுங்கள். மழை காத்திருக்காது.