கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம்!

சில மாதங்களுக்கு முன் அவசரமாகப் பணம் எடுக்க வங்கிக்குப் போயிருந்தேன். பாரத்தை நீட்டினால், "கையெழுத்து ஒத்துப்போகலைம்மா" என்று திருப்பித் தந்துவிட்டார் கவுன்டரில் இருந்தவர். கல்யாணமான புதிதில் போட்டுக் கொடுத்த கையெழுத்து அது. வருஷத்துக்கு இரண்டு தடவை பேனா பிடிக்கிற கை, 25 வருஷம் கழித்து அதே சுழியைச் சுழிக்குமா? நான்கு முறை போட்டுக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி, ஒரு வழியாகப் பணத்தோடு வீடு வந்து சேர்ந்தேன்.

இதை அக்கா மகளிடம் போனில் சொல்லிப் புலம்பினேன். அமெரிக்காவில், சியாட்டில் நகரத்தில் ரொம்ப வருஷமாக இருக்கிறாள். "சித்தி, உங்களுக்குப் பணம்தான் நின்னுது. நான் இங்கே படிக்க வந்த புதுசுல, ஒரு கவர்னர் நாற்காலியே கையெழுத்துல தொங்கிச்சு" என்றாள். அவள் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கடிதம்.

அங்கே கவர்னர் என்றால், நம் ஊர் போல் டில்லியில் இருந்து அனுப்பப்படுபவர் அல்ல. மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதல்வர் மாதிரி. 2004 நவம்பர் 2-ல், வாஷிங்டன் மாநிலத்தில் அந்தத் தேர்தல். (தலைநகர் வாஷிங்டன் வேறு, இது மேற்குக் கடலோர மாநிலம்.) ஜனநாயகக் கட்சியில் கிறிஸ்டின் கிரெக்வார் என்ற பெண்மணி. ஹோட்டலில் சமையல் வேலை பார்த்த தாய் தனியாளாக வளர்த்த பெண். வக்கீலுக்குப் படித்து, மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். எதிரே குடியரசுக் கட்சியின் டீனோ ரோஸி.

பதிவான ஓட்டு 28 லட்சம். எண்ணி முடித்தால் ரோஸி 261 ஓட்டில் முந்துகிறார். இவ்வளவு குறைந்த வித்தியாசம் என்றால் சட்டப்படி மறுபடி எண்ண வேண்டுமாம். மெஷினில் எண்ணினார்கள். அப்போதும் ரோஸிதான், ஆனால் 42 ஓட்டு. கிரெக்வாரின் கட்சி 7 லட்சத்து 30 ஆயிரம் டாலர் கட்டி, கையாலேயே எண்ணுங்கள் என்று கேட்டது. முடிவு மாறினால் பணம் திரும்பக் கிடைக்கும், மாறாவிட்டால் போச்சு!

இங்கேதான் கையெழுத்து வருகிறது. அங்கே அப்போதே நிறையப் பேர் தபாலில்தான் ஓட்டுப் போட்டார்கள். உறை மேல் போடும் கையெழுத்தை, ஏற்கெனவே பதிந்த கையெழுத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். சியாட்டில் இருக்கும் கிங் கவுன்டியில் 573 உறைகளை 'செல்லாது' என்று ஓரமாக வைத்திருந்தார்கள். ஓட்டுப் போட்டவர் தப்பு எதுவும் செய்யவில்லை. அவர்களுடைய பழைய கையெழுத்து கம்ப்யூட்டரில் ஏறவில்லை, அவ்வளவுதான். பழைய கார்டை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. இது எப்படி வெளியே வந்தது தெரியுமா? அந்தக் கவுன்டியின் கவுன்சில் உறுப்பினர் லாரி பிலிப்ஸ், ஒதுக்கப்பட்டவர்களின் பட்டியலைப் பார்த்தபோது, அதில் தன் பெயரே இருக்கக் கண்டார்! உறுப்பினர் பெயருக்கே இந்தக் கதி.

வழக்கு போட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம் டிசம்பர் 22-ல், அந்த உறைகளையும் பார்க்கலாம் என்றது. அவை இல்லாமலே கிரெக்வார் 10 ஓட்டு முன்னால் வந்திருந்தார், சேர்த்ததும் 129.

நான் மட்டும் ரோஸியின் வீட்டுக்காரியாக இருந்திருந்தால், சத்தியமாக இதை நம்பியிருக்க மாட்டேன். இரண்டு தடவை ஜெயித்தவர், மூன்றாம் தடவை தோற்கிறார். அதுவும் எதிர்க்கட்சிக்குச் செல்வாக்கான ஊரில் திடீரென்று உறைகள் முளைக்கின்றன! அவர்கள் கோர்ட்டுக்குப் போனதில் தப்பே இல்லை. ஓட்டுரிமை இழந்த குற்றவாளிகள் போட்டது, இறந்தவர் பெயரில் வந்தது என்று 1,678 சட்டவிரோத ஓட்டுகள் விசாரணையில் தெரிய வந்தன. இறந்துபோன கணவரின் ஆசைப்படி அவர் சீட்டையும் நிரப்பி அனுப்பிய பெண்மணியும் உண்டாம். தப்புதான், ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஓட்டுகள் யாருக்குப் போயின என்று நிரூபிக்க முடியவில்லை. நான்கு பேர் மட்டும் ரோஸிக்குப் போட்டோம் என்று ஒப்புக்கொள்ள, அதைக் கழித்து வித்தியாசம் 133 ஆனது. 2005 ஜூன் 6-ல் தீர்ப்பு வந்த அன்றே, மேல்முறையீடு இல்லை என்று ரோஸி ஒதுங்கிக்கொண்டார். பெருந்தன்மை!

'ஒரு ஓட்டுக்கும் மதிப்பு உண்டு' என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அதைத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுப் புளித்துப் போச்சு. என்னை உறுத்துவது வேறு. வித்தியாசம் 261 ஆக இல்லாமல் 50 ஆயிரமாக இருந்திருந்தால், அந்த 573 உறைகளை யார் தேடியிருப்பார்கள்? அந்தத் தேர்தலில் இரண்டு கட்சிக்காரர்களும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, 'இது உங்கள் கையெழுத்தா' என்று கேட்டுச் சரிசெய்தார்களே, அது ஓட்டுப் போட்டவர் மேல் அக்கறையாலா? தங்களுக்குத் தேவைப்பட்டது, வந்தார்கள். இல்லாவிட்டால் அத்தனை பேரும் தாங்கள் ஓட்டுப் போட்டதாகவே நினைத்துக்கொண்டு இருந்திருப்பார்கள். தேவைப்படாத தேர்தல்களில் இப்படி எத்தனை உறைகள் ஓரம் போயிருக்குமோ!

இப்போது அந்த மாநிலத்தில், கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் அலுவலகமே ஓட்டுப் போட்டவரைத் தொடர்புகொண்டு, சரிசெய்ய அவகாசம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஜெயித்தது யார் என்பதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண், கல்யாணமாகி வந்ததும் பிறந்த ஊர்ப் பட்டியலில் இருந்து பெயரை மாற்ற எழுதிக் கொடுத்தாள். அங்கே நீக்கிவிட்டார்கள், இங்கே சேர்க்கவில்லை. 2019 தேர்தலன்று வெயிலில் நின்று, கைக்குழந்தையோடு திரும்பி வந்தவள், "பரவாயில்லைக்கா, ஒரு ஓட்டுதானே" என்று குக்கர் வைக்கப் போய்விட்டாள். எங்கள் தொகுதியில் அந்த முறை வித்தியாசம் ரொம்பப் பெரிது. அவளைத் தேடி ஒருத்தரும் வரவில்லை.

— ஓர் இல்லத்தரசி, கும்பகோணம்.