நெஞ்சுவலின்னா முதல் போன் ஹெச்ஆருக்கு இல்லை, 108-க்கு



இந்த வாரம் எஸ்ஐபி, புது வரி ரெஜிம் எதையும் தொடப்போறதில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "ப்ரோ, டியூட்டியில இருக்கும்போது ஹார்ட் அட்டாக் வந்து ஏதாவது ஆயிட்டா கம்பெனி எவ்வளவு தரும்?"

நியாயமான கேள்விதான். பதிலும் கோர்ட் தீர்ப்புகளோட கீழே இருக்கு. ஆனா அந்தக் கேள்விக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணை நாம கேட்கிறதே இல்லை: அந்த ஆள் பிழைக்கிறதுக்கு முதல் பத்து நிமிஷத்துல பக்கத்துல இருக்கிறவங்க என்ன செய்வாங்க?

ஆடிட் வேலையா நான் நிறைய தொழிற்சாலைகளுக்குப் போறேன். ஃபயர் டிரில் ரெஜிஸ்டர் பெரும்பாலும் பக்காவா இருக்கும். தேதி, நேரம், அசெம்பிளி பாயின்ட்டுக்கு எத்தனை பேர் எத்தனை நிமிஷத்துல வந்தாங்க, எல்லாம் கையெழுத்தோட இருக்கும். "சரி, லைன்ல ஒருத்தர் நெஞ்சைப் பிடிச்சிட்டு உட்கார்ந்தா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டா வர்ற பதில் வேற மாதிரி இருக்கும். டீம் லீடர்கிட்ட சொல்வோம், அவர் ஷிஃப்ட் இன்சார்ஜ்கிட்ட சொல்வார், அவர் ஹெச்ஆர்கிட்ட கேட்பார், அப்புறம் வண்டி, அப்புறம் கேட் பாஸ். இந்தச் சங்கிலியில ஒவ்வொரு கண்ணியும் மூணு நாலு நிமிஷம் தின்னும். தீ பிடிச்சா யார்கிட்டயும் பர்மிஷன் கேட்காம அலாரம் பட்டனை அழுத்தலாம்னு எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கோம். நெஞ்சுவலிக்கு மட்டும் ஏன் அப்ரூவல்?

அந்த ஆளுக்கும் உள்ளுக்குள்ள ஒரு கணக்கு ஓடும். "வெறும் கேஸா இருந்தா? லைனை நிறுத்தினா திட்டுவாங்களே. அரை நாள் லாஸ் ஆஃப் பே ஆகுமே. பிரைவேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா லட்சக்கணக்குல பில் வருமே." அதனால ஒரு சோடா குடிச்சுட்டு, கேன்டீன் பெஞ்ச்ல கொஞ்ச நேரம் படுத்துட்டு, ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல வீட்டுக்குப் போயிடுவார். சில பேர் பைக்கை எடுத்துட்டு தானே கிளம்பிடுவாங்க. என் அபிப்பிராயத்துல பாதி தாமதத்துக்குக் காரணம் இந்தப் பணக் கணக்குதான். அதனாலதான் ஒரு ஃபைனான்ஸ் பிளாக்ல இதை எழுதுறேன்.

முதல் பத்து நிமிஷம்

நான் டாக்டர் இல்லை. முதலுதவிப் பயிற்சிகள்ல எல்லா இடத்துலயும் சொல்றதைத்தான் சொல்றேன்.

நெஞ்சுல இறுக்கம் இல்லைன்னா பாரம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவுற வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குறது, குமட்டல். இதுல சிலது சேர்ந்து வந்தா அது கேஸ்னு முடிவு பண்ற வேலை நமக்கு வேண்டாம், ஈசிஜி மெஷின் பண்ணட்டும். சுகர் இருக்கிறவங்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே தெரியாம வெறும் அசதி, மூச்சுத் திணறல், வாந்தி உணர்வுன்னு வரலாம். எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிகள்ல பெண்கள்தான் அதிகம். வல்லம் வடகால் சிப்காட்ல 2024 ஆகஸ்ட்ல திறந்த குடியிருப்புல மட்டும் 18,720 பேர் தங்க இடம் இருக்கு. அங்கே வார்டனா இருக்கிறவங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கணும்.

ஆளை உட்கார வைங்க. நடக்க விடாதீங்க, படி ஏற விடாதீங்க. ஒருத்தர் 108-ஐ கூப்பிடணும், இன்னொருத்தர் கேட்டுக்கு ஓடணும். 'ஒரகடத்துல ஒரு கம்பெனி'ன்னு சொன்னா ஆம்புலன்ஸ் சிப்காட்டுக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். பிளாட் நம்பர், எந்த கேட், பக்கத்துல என்ன இருக்குன்னு சொல்லணும். ஆஸ்பிரின் அலர்ஜி, ரத்தக்கசிவுப் பிரச்சினை எதுவும் இல்லைன்னா 300 மி.கி. ஆஸ்பிரினை மென்னு சாப்பிடச் சொல்றது வழக்கம். ஆம்புலன்ஸ்காரங்களையோ நர்ஸையோ கேட்டுட்டுக் கொடுங்க. நாக்குக்கு அடியில வைக்கிற சார்பிட்ரேட்டை மட்டும் நாமளா கொடுக்கக் கூடாது, பிரஷர் சட்டுன்னு இறங்கிடும்.

ஆள் நினைவிழந்து மூச்சும் சரியா இல்லைன்னா அது வேற கட்டம். அது கார்டியாக் அரெஸ்ட், இதயம் நின்னுடுச்சு. உடனே சிபிஆர். நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு நிமிஷத்துக்கு 100-ல இருந்து 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தணும். ஏஇடி மெஷின் இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லுங்க, அதுவே தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ என்ன செய்யணும்னு பேசும். ஷாக் கொடுக்கிறது ஒவ்வொரு நிமிஷம் தள்ளிப் போகும்போதும் பிழைக்கிற வாய்ப்பு 7-ல இருந்து 10 சதவீதம் குறையுது. மேலே சொன்ன அப்ரூவல் சங்கிலியோட இதை ஒப்பிட்டுப் பாருங்க.

தமிழ்நாடு இந்த விஷயத்துல பின்தங்கின மாநிலமும் இல்லை. டிஎன்-ஸ்டெமின்னு ஒரு திட்டம். சின்ன ஆஸ்பத்திரியிலயே ஈசிஜி எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டு, அப்புறம் கேத் லேப் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்துறது. 2,420 நோயாளிகளை வச்சு செஞ்ச அந்த ஆய்வு 2017-ல ஜாமா கார்டியாலஜி இதழ்ல வந்துச்சு. ஒரு வருஷத்துக்குள்ள இறக்கிறவங்க விகிதம் 17.6 சதவீதத்துல இருந்து 14.2-ஆ குறைஞ்சது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கலை, யாரை எங்கே எப்போ அனுப்புறதுங்கிற ஒழுங்குதான். 2023-ல அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைக் கொண்டு வந்து, ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டேட்டின் மூணும் சேர்த்து 14 மாத்திரையை முதல் டோஸா வச்சிருக்கு. கிராமத்துத் துணை சுகாதார நிலையத்துல இருக்கிற தயார்நிலை, கோடிக்கணக்குல டர்ன்ஓவர் பண்ற தொழிற்சாலையில இல்லைன்னா அதை என்ன சொல்றது?

500 பேருக்கு மேல வேலை செய்ற தொழிற்சாலையில ஆம்புலன்ஸ் ரூம் இருக்கணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல இருந்தே விதி இருக்கு. புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புலயும் அது தொடருது. ஆனா ரூம் இருக்கிறது ஒண்ணு, ராத்திரி ரெண்டு மணிக்கு சி ஷிஃப்ட்ல அங்கே ஈசிஜி எடுக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கிறது இன்னொண்ணு. ஏஇடி ஒண்ணு சுமார் ஒரு லட்ச ரூபாய். அதுக்கு தேய்மானமும் போட்டுக்கலாம். உங்க கம்பெனி வரவேற்பறை சோஃபா செட் விலை இதைவிட அதிகமா இருக்கலாம் (சில இன்வாய்ஸ் பார்த்த அனுபவத்துல சொல்றேன்).

இப்போ பணம்

முதல்ல பயத்தை விலக்குவோம். உயிருக்கு ஆபத்தான நிலையில வர்றவங்களுக்கு அரசு, தனியார் எந்த டாக்டரா இருந்தாலும் முதல்ல சிகிச்சை கொடுத்தாகணும்னு உச்ச நீதிமன்றம் 1989-லயே சொல்லிடுச்சு. கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள்ள பதில் சொல்லணும்னு 2024-ல ஐஆர்டிஏஐ உத்தரவு. ஸ்டென்ட் விலைக்கு 2017 பிப்ரவரியில இருந்து அரசு உச்சவரம்பு வச்சிருக்கு. அதனால "செலவு என்னாகுமோ"ன்னு கேன்டீன் பெஞ்ச்ல படுத்துக் கணக்குப் போட வேண்டிய அவசியம் இல்லை.

சம்பளம் மாசம் 21,000 ரூபாய் வரைக்கும்னா நீங்க ஈஎஸ்ஐக்குள்ள இருக்கீங்க. நீங்க 0.75 சதவீதம், கம்பெனி 3.25 சதவீதம் கட்டுது. இன்கிரிமென்ட் வந்து 21,000-ஐத் தாண்டிட்டா அன்னைக்கே கவர் போயிடும்னு பல பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்னு ரெண்டு பங்களிப்புக் காலம் இருக்கு. நடுவுல தாண்டினா அந்தக் காலம் முடியிற வரைக்கும் பிடித்தமும் தொடரும், கவரும் தொடரும். ஏப்ரல்–செப்டம்பர்ல கட்டினதுக்கான பலன் காலம் அடுத்த ஜனவரி–ஜூன். இந்தக் கணக்கு தெரியாம, ஈஎஸ்ஐ இருந்தும் கைக்காசு போட்டவங்க இருக்காங்க. கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்க, பே ஸ்லிப்ல பிடித்தம் இருக்கிறதை மட்டும் நம்பாதீங்க. உங்க ஐபி நம்பர்ல அது வரவாகியிருக்கான்னு போர்ட்டல்ல பாருங்க.

இப்போ அந்த முக்கியமான கேள்வி. வேலை இடத்துல மாரடைப்பு வந்து இறந்தா அது 'வேலையில நடந்த விபத்தா'?

தானா ஆகாது. நெல்லூர் அனல்மின் நிலையத்துல ஒரு தொழிலாளி வேலையில இருக்கும்போதே மாரடைப்பால இறந்தார். குடும்பம் இழப்பீடு கேட்டுச்சு. 2006-ல உச்ச நீதிமன்றம் மறுத்துடுச்சு. அவர் வேலை சுவிட்சை ஆன் பண்றது, ஆஃப் பண்றது மட்டும்தான், ஏற்கனவே நோய்க்குச் சிகிச்சையும் எடுத்திருக்கார், அதனால வேலை அழுத்தம்தான் காரணம்னு சொல்ல முடியாதுன்னு தீர்ப்பு. இதுக்கு நேர் எதிரா 2012 டிசம்பர்ல இன்னொரு தீர்ப்பு. டெல்லியில இருந்து 1,152 கி.மீ. லாரி ஓட்டிட்டு வந்த டிரைவர், ஜார்க்கண்ட்ல நிமியாகாட் பக்கத்துல உடம்பு முடியாம வண்டியை ஓரம் கட்டி, பிறகு இறந்துட்டார். அவ்வளவு தூரம் ஓட்டின அழுத்தத்துக்கும் மரணத்துக்கும் தொடர்பு இருக்குன்னு கோர்ட் இழப்பீட்டை ஏத்துக்கிச்சு.

ரெண்டுலயும் ஆள் வேலையிலதான் இருந்தார். வித்தியாசம், வேலைக்கும் மரணத்துக்கும் இருக்கிற தொடர்பைக் காட்ட முடிஞ்சதா இல்லையாங்கிறதுதான். அதனால ஓவர்டைம் பதிவு, தொடர்ந்து எத்தனை நைட் ஷிஃப்ட், எத்தனை மணிக்கு வலி சொன்னார், எத்தனை மணிக்கு வண்டி கிளம்புச்சு, எல்லாம் எழுத்துல இருக்கணும். ஓஹெச்சி ரெஜிஸ்டர்ல நேரத்தோட என்ட்ரி போடச் சொல்லுங்க. டீம் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் போட்டாக்கூட அது நேரத்தோட ஒரு ஆதாரம்.

'பெர்சனல் ஆக்சிடென்ட்' பாலிசியை இதுக்கு நம்பாதீங்க. வருஷம் 20 ரூபாய் பிடிக்கிற பிஎம்எஸ்பிஒய் விபத்துக்கு மட்டும்தான். பைக் ஓட்டும்போது மாரடைப்பு வந்து கீழே விழுந்து இறந்தவர் வழக்குலயே, அது விபத்து இல்லைன்னு எல்ஐசிக்குச் சாதகமா 2019-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்துச்சு. கம்பெனி ஓரியன்டேஷன்ல "உங்களுக்கு 20 லட்சம் கவர் இருக்கு"ன்னு சொன்னா, அது டேர்ம் கவரா, ஆக்சிடென்ட் கவரான்னு கையைத் தூக்கிக் கேளுங்க. கூச்சப்படாதீங்க.

காரணம் எதுவா இருந்தாலும் கிடைக்கிறது வேற. பிஎஃப் இருந்தா கூடவே ஈடிஎல்ஐ இருக்கு. கம்பெனிதான் 0.5 சதவீதம் கட்டுது, உங்க கையில இருந்து ஒரு பைசா போகாது. பணியில இருக்கும்போது இறந்தா அதிகபட்சம் 7 லட்சம். கணக்கு இப்படி: சராசரி மாதச் சம்பளம் (15,000 வரைதான் எடுப்பாங்க) பெருக்கல் 35, அது 5.25 லட்சம். அதோட பிஎஃப் சராசரி இருப்புல பாதி, அதிகபட்சம் 1.75 லட்சம். கிராஜுவிட்டிக்கு அஞ்சு வருஷ நிபந்தனை மரணத்துக்குப் பொருந்தாது, ரெண்டு வருஷ சர்வீஸா இருந்தாலும் குடும்பத்துக்கு வரும். வருஷம் 436 ரூபாய்க்கு பிஎம்ஜேஜேபிஒய்ல 2 லட்சம், அது மாரடைப்புக்கும் உண்டு, சேர்ந்த முதல் 30 நாள் மட்டும் கிடையாது. இதுக்கு மேல ஒரு டேர்ம் பாலிசி கட்டாயம் வேணும். தனிநபர் டேர்ம், ஹெல்த் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜிஎஸ்டியும் இல்லை.

ஈடிஎல்ஐ பணம் பல குடும்பங்களுக்கு இழுத்தடிக்கிறதுக்கு ஒரு சாதாரணக் காரணம் இருக்கு. ஈ-நாமினேஷன் போட்டிருக்க மாட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பேரைப் போட்டு அப்படியே விட்டவங்களும் உண்டு. கல்யாணம் ஆனதும் பிஎஃப்ல பழைய நாமினேஷன் செல்லாது, புதுசா போட்டாகணும். யுஏஎன் போர்ட்டல்ல ஆதார் ஓடிபியோட பத்து நிமிஷ வேலை. இன்னைக்கு பஸ்ல திரும்பும்போதே முடிச்சிடலாம். அப்படியே பக்கத்து சீட்ல இருக்கிறவர்கிட்ட, உங்க பிளான்ட்ல ஏஇடி எங்கே மாட்டியிருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க.