நாலங்குலத் துண்டுக்காக ஒரு விரலா?

விரலில் இரத்தம் தோய்ந்த துணியுடன் வரும் தச்சர்களிடம் எப்படி நேர்ந்தது என்று வினவுகிறோம். பெரிய பலகையை அறுத்தபோது என்று கூறுவோர் குறைவே. சட்டத்தின் மூலை பொருந்தச் சிறு துண்டை 45 பாகையில் சாய்த்து அறுத்தபோது என்பதே நாங்கள் மிகுதியாகக் கேட்கும் விடை.

இதனைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட எங்களுக்கு மனமில்லை. சிறு துண்டில் பிடிக்க இடமில்லை; விரல் நுனி வாளருகே சென்றாக வேண்டியுள்ளது. சாய்வாக அறுக்கையில் துண்டு சட்டெனத் திரும்பினால், பிடித்த விரலும் உடன் இழுபடும். கைக் கட்டரைத் தலைகீழாகப் பலகையில் பொருத்தி, மேல்மூடியையும் கழற்றிவிட்டால் கேட்கவே வேண்டாம். கையுறையும் காவாது, சுழலும் வாளில் அது சிக்கினால் கையையே உள்ளே இழுத்துவிடும்.

தேக்கு விற்கும் விலையில் துண்டை வீணாக்க மனம் வராது என்பதை அறிவோம். ஆயினும் கையின் பயன்பாட்டில் ஏறத்தாழ 40 விழுக்காடு கட்டைவிரலைச் சார்ந்தது. அத்துண்டு வீணாகட்டும் என்பதே எங்கள் கருத்து.

வழி எளியது. சட்டம் நீளமாக இருக்கும்போதே முனையில் சாய்வை அறுத்துவிட்டு, பின்னர் வேண்டிய அளவுக்குத் துண்டிக்கலாம். ஏற்கெனவே சிறிதாகிவிட்ட துண்டை இயந்திரத்திற்குக் கொடுக்காமல், கோணப் பெட்டியில் கிளாம்பு இட்டு இறுக்கிக் கைவாளால் அறுப்பதே நன்று. சில நிமிடங்கள் கூடுதலாகும், அவ்வளவே.

நரம்புத் தையல் முடிந்து வேலைக்குத் திரும்புவோரும், நீரிழிவால் கை மரத்துப்போனோரும் இயந்திரத்தைத் தொடுமுன் எங்களிடம் ஒருமுறை காட்டிச் செல்லுங்கள். உணர்வற்ற விரலுக்கு வாள் நெருங்குவது தெரியாது.

இல்லத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். விரல் துண்டானால் முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். காயத்தைத் தூய துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். மஞ்சளோ காப்பித் தூளோ வேண்டாம். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, நெகிழிப் பையிலிட்டு வாய் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வையுங்கள். பனிக்கட்டி விரலை நேராகத் தொடின் திசு கெடும். அவ்வாறு வந்த விரல்களைப் பொருத்த இயலாது நாங்கள் வருந்தியதுண்டு. 108ஐ அழையுங்கள். அப்பை நோயாளியுடனேயே வரட்டும். மறந்து பட்டறையிலேயே விட்டு வருவோரும் உள்ளனர்.